இலவசத்துக்கும் விலை உண்டு

இணையத்தில் ஒரு பாட்டையோ புத்தகத்தையோ பிரதி எடுக்கக் காசு செலவில்லை. ஆகவே அதற்கு விலையும் கூடாது என்று நண்பர்கள் பலர் வாதாடுகிறார்கள். இவ்வாதத்தை நான் ஏற்பதற்கில்லை.

என் தந்தையார் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறார். அங்கே தகட்டிலிருந்து ஒரு வாஷரை வெட்டி எடுக்கக் கண்ணிமைக்கும் நேரம் போதும். ஆனால் அதை வெட்டும் டையைச் செய்யக் கைதேர்ந்த தொழிலாளிக்குப் பல நாள் பிடிக்கும். எஃகை அறுத்து, கடைந்து, சூடேற்றிக் கடினமாக்கி, மறுபடி தேய்த்து, சோதித்த பிறகே அது மெஷினில் ஏறும். வாஷர் நொடியில் விழுகிறதே, டைக்கு எதற்குக் கூலி என்று எந்த முதலாளியும் கேட்பதில்லை. அந்தச் செலவைப் பங்கிட்டு ஒவ்வொரு வாஷரின் விலையிலும் ஏற்றிவிடுவார். கதையும் பாட்டும் டை, பிரதிகளே வாஷர்கள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட என் தந்தையாருக்கு விளங்கும் இக்கணக்கு, பட்டப்படிப்புப் படிக்கும் நமக்கு விளங்க வேண்டாமா?

பாரதியார் பாடல்கள் இலவசமாகக் கிடைக்கின்றனவே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவை எப்படி இலவசமாயின? 1921-ல் கவிஞர் வறுமையில் மறைந்தார். பின்னர் அவர் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறி ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1947-ல் வெளிவந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் அப்பாடல்கள் முழங்கின. பாரதி பொதுச்சொத்தாக வேண்டும் என்ற கிளர்ச்சி எழவே, 1949-ல் சென்னை அரசு உரிமைகளை ஏற்றது. (செட்டியாரைக் குறை கூறுவோர், அவர் விலை பெறாமல் விட்டுக்கொடுத்ததையும் சொல்ல வேண்டும்.) நூல்களுக்காகக் கவிஞரின் குடும்பத்தாருக்கு அரசு பணம் தந்தது. இன்றும் நாட்டுடைமையாகும் நூல்களுக்கு மரபுரிமையாளர்கள் தொகை பெறுகிறார்கள். வாசகனுக்கு இலவசம், செலவை ஏற்றது மக்கள் பணம்.

உயிரோடிருக்கும் எழுத்தாளரின் நாவலை யாரோ ஸ்கேன் செய்து டெலிகிராமில் ஏற்றும்போது அப்படி எவரும் எதையும் ஏற்பதில்லை. ஏழை மாணவன் என்ன செய்வான் என்ற கேள்வி என்னையும் சேர்த்ததுதான். அதற்குத்தான் நூலகம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. நம் பெற்றோர் கட்டிய பணம் அது. அதில் புது நூல்களை நிறைய வாங்கச் சொல்லிக் கேட்போம், மின்நூலாகவும் வாங்கட்டும்.

எங்கள் வேப்பம்பட்டில் டிசைன் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். “பத்து நிமிட வேலைதானே தம்பி” என்று ஒரு கடைக்காரர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் ஐந்தாண்டுகள் கற்றிருக்கிறார்.

நம் முத்தமிழ் விழாவில் மட்டும் என்ன செய்கிறோம்? மேடைப் பதாகை வரைந்து தருபவருக்குச் சால்வை போர்த்துகிறோம். அந்தச் சால்வையைக் கொடுத்து அரிசி வாங்க முடியுமா? இவ்வாண்டு பதாகைக்கும் பறையிசைக் குழுவுக்கும் எவ்வளவு கூலி என்பதை அவர்களிடமே முன்கூட்டிக் கேட்டு, வரவு செலவுத் திட்டத்தில் மாணவர் மன்றம் எழுதி வைக்கட்டும்.