தங்க நிப்பும் மூன்று சுழி ணகரமும்

"அண்ணை, குடுக்கிறதெண்டால் மொன்ட் பிளாங்க்தான் குடுக்கவேணும். இல்லாட்டி அது மரியாதை இல்லை."

போன மாதம் ரொம்மனில் நடந்த ஒரு சின்னக் கூட்டத்தில் இப்படிச் சொன்னார் ஒரு தம்பி. கால் நூற்றாண்டாகச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்த ஒரு ரீச்சர் ஓய்வு பெறுகிறார். அவருக்கு என்ன பரிசு கொடுப்பது என்பதுதான் கதை. பேனை கொடுப்போம் என்று முதலில் சொன்னது நான்தான். அது மொன்ட் பிளாங்க் மைஸ்டர்ஷ்ரூக் 149 வரைக்கும் போகும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இன்றைய விலையில் பத்தாயிரம் குரோனருக்கு மேல். உணவகத்துக் குசினியில் நிற்கும் எனக்கு, வரி கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ இரண்டு கிழமைச் சம்பளம்.

"ஏன் அந்தப் பேனை?" என்று கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் எழுதிப் பார்த்ததில்லைப்போல. தங்க நிப். வெண்ணெய் மாதிரிப் போகும்."

இந்த வெண்ணெய்க் கதைக்குப் பதில் எழுதத்தான் இந்தப் பதிவு. அன்று கூட்டத்தில் எழுந்து அரை மணித்தியாலம் நிப்பைப் பற்றிக் கதைத்தால் எனக்கு விசர் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே அந்தப் பயமில்லை. பிடிக்காதவர்கள் மூடிவிட்டுப் போகலாம்.

எழுதிப் பார்த்திருக்கிறேன். எங்கள் உணவகத்துக்குக் கிழமைக்கு ஒருதரம் வரும் ஒரு வயோதிபர் இருக்கிறார். நோர்வேக்காரர், ஓய்வுபெற்றவர். பேனை சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். ஒருநாள் நான் ஓடர் கொப்பியில் மைப்பேனையால் எழுதுவதைக் கண்டுவிட்டார். அன்றிலிருந்து வரும்போதெல்லாம் தோல் பையில் நாலைந்து பேனைகளைக் கொண்டுவருவார். சனம் போனபின் மேசையைத் துடைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுவோம். அவர் தன் பெயரையும் ஒரு நோர்வேஜிய வசனத்தையும் எழுதுவார். நான் எழுதுவது எப்போதும் ஒரே வசனம்தான்: "அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் தண்ணீர் அள்ளினான்."

ஏன் இந்த வசனம் என்று பிறகு சொல்கிறேன். முதலில் தங்கம்.

நிப்பிலே தங்கம் இருக்கிறது, உண்மை. ஆனால் கடதாசியில் முட்டுவது தங்கம் இல்லை. தங்கம் மெத்தென்ற உலோகம். அதையே கடதாசியில் தேய்த்தால் கொஞ்சக் காலத்தில் கரைந்துவிடும். அதனால் நுனியில் கடுகிலும் சிறிதாக ஒரு கடினமான கலப்புலோகக் குமிழை ஒட்டுகிறார்கள். இரிடியம் என்று பெயர் நிலைத்துவிட்டது. இன்று பெரும்பாலும் ருத்தேனியம், ஒஸ்மியம், ரங்ஸ்ரன் என்று வேறு கலவைகள். உருக்கு நிப்பிலும் இதே மாதிரிக் குமிழ்தான். வழுவழுப்பா, கரகரப்பா என்று உங்கள் விரலுக்குச் சொல்வது அந்தக் குமிழை எப்படித் தீட்டியிருக்கிறார்கள் என்பதும், நடுப் பிளவின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்பதும், மை எவ்வளவு இறங்குகிறது என்பதும்தான்.

அப்படியானால் ஏன் தங்கம்? பழைய காலத்து மைகளில் அமிலம் அதிகம். சாதாரண உலோகத்தை அது தின்றுவிடும். தங்கத்தை ஒன்றும் செய்யாது. துருப்பிடிக்காத உருக்கு நன்றாக வந்தபின் அந்தக் காரணம் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருப்பது கொஞ்சம் வளைந்து கொடுக்கும் தன்மை. அதுகூட நிப்பின் வடிவத்தையும் தடிப்பையும் பொறுத்தது. நகம் மாதிரி விறைத்த 18 கரட் நிப்பும் இருக்கிறது. துள்ளுகிற உருக்கு நிப்பும் இருக்கிறது.

நம்பாவிட்டால் இதைக் கேளுங்கள். பெலிக்கான் என்ற ஜேர்மன் கொம்பனியில் எம்200, எம்400 என்று இரண்டு பேனைகள். ஒரே அளவு. ஒன்றில் உருக்கு நிப், மற்றதில் 14 கரட் தங்கம். விலை இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். அந்த நிப்புகளைத் திருகிக் கழற்றி மாற்றிப் பூட்டலாம். வயோதிபர் அப்படி மாற்றிப் பூட்டி, நிப்பைப் பார்க்காமல் எழுது என்று என் கையில் தந்தார். நான் "இது நல்லது" என்று எடுத்தது உருக்கை. அவருக்கும் ஒருநாள் நான் அதையே செய்தேன். அவரும் உருக்கைத்தான் எடுத்தார். பிறகு ஒரு சோடி கோப்பி குடித்துவிட்டு இதைப் பற்றிக் கதைக்காமல் இருந்தோம் :-)

நிற்க. இந்த விலையுயர்ந்த பேனைகள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. 149இன் நிப் பெரியது, நல்ல அழகு. மெல்ல அமர்ந்து எழும்பும். அதில் 4810 என்று வெட்டியிருப்பார்கள், மொன்ட் பிளாங்க் மலையின் உயரம் மீற்றரில். யப்பானின் பிளாட்டினம் கொம்பனி தன் பேனைக்கு 3776 என்று பெயர் வைத்திருக்கிறது, அது பூஜி மலை. எங்கள் கால்ட்ஹோப்பிக்கன் 2469. பெலிக்கான் எம்800 மையை அள்ளி ஊற்றும். 1966இல் வந்த லாமி 2000 இன்றைக்கும் புதுப்பேனை மாதிரி இருக்கும், ஆனால் நிப்பை ஒரு பக்கம் சரித்தால் கோபித்துக்கொண்டு எழுதாது. யப்பானின் செய்லர் 21 கரட் நிப்பில் எழுதினால் கூர்ப்பென்சிலால் எழுதுவதுபோல மெல்லிய உரசல் கேட்கும். வழுக்கவே வழுக்காது. எனக்குப் பிடித்தது அதுதான். வழுக்கிக்கொண்டு போகும் நிப்பில் என் கையெழுத்து மழைக்காலத்துக் கிணற்றுக்கட்டில் நடப்பதுபோல ஆகிவிடுகிறது. வெண்ணெய் பாணுக்கு நல்லது.

இனி அந்த வசனம். ஆங்கிலத்தில் இந்தப் பேனைகளை ஒப்பிடுபவர்கள் எல்லாரும் தங்கள் எழுத்தில் எழுதிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். கோடு, வளைவு, கோடு. எங்கள் எழுத்து அப்படியா? ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்திலிருந்து வந்த வட்டங்கள். நேர்கோடு ஓலையைக் கிழிக்கும் என்று வட்டமாக்கினார்கள் என்று சொல்லுவார்கள். ஒரே எழுத்துக்குள் நிப் மேலே போகும், கீழே வரும், பின்னுக்குத் திரும்பும், தன் வாலையே சுற்றும். ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு. ஐரோப்பிய நடுத்தர நிப்பில் கோடு முக்கால் மில்லிமீற்றரை நெருங்கும். கோடு போட்ட கொப்பியில் அதால் "அண்ணன்" என்று எழுதிப் பாருங்கள். சுழிகள் மையால் அடைபட்டு, அண்ணனின் நடுவில் மூன்று கறுப்பு உளுந்து கிடக்கும். எது ண, எது ன என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? யப்பானியர்களுக்கு இந்தப் பிரச்சினை தெரியும், அவர்களின் எழுத்து எங்களுடையதை விட நெருக்கம். அதனால்தான் அவர்களின் மெல்லிய நிப் ஐரோப்பிய மெல்லிய நிப்பை விட ஒருபடி மெலிது. பைலட், பிளாட்டினம், செய்லர் மூன்றும் தங்கள் நிப்பைத் தாங்களே செய்கிறார்கள். இவர்களின் சில நூறு குரோனர் உருக்கு நிப்பில் என் அண்ணன் தெளிவாகத் தண்ணீர் அள்ளினார். 149இன் நடுத்தர நிப்பில் அவர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டார்.

இன்னொரு கதையும் சொல்லவேண்டும். சொகுசுப் பேனை என்று விற்கும் எத்தனையோ பெயர்கள் நிப்பைத் தாங்கள் செய்வதே இல்லை. ஜேர்மனியில் பொக், யோவோ என்று இரண்டு நிப் கொம்பனிகள். அங்கே வாங்கி, தங்கள் முத்திரையைக் குத்தி, பளபளக்கும் உடம்பில் பூட்டி விற்கிறார்கள். அதே பொக், யோவோ நிப்புகளைச் சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூரில் இருக்கும் ரங்கா பேனைக்காரர்களும் வாங்கி, கையால் கடைந்த எபனைற் உடம்பில் பூட்டிக் கொடுக்கிறார்கள். எபனைற் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய றப்பர், கைக்குச் சூடாக இருக்கும். ஒரு 149இன் காசுக்கு அந்தத் தமிழ்நாட்டுப் பேனைகளில் பத்துக்குக் கிட்ட வாங்கலாம்.

விலை எவ்வளவு தூரம் புத்தியை மறைக்கும் என்பதற்கு 2009ஐ நினைத்துப் பாருங்கள். மொன்ட் பிளாங்க் காந்தியின் பெயரில் ஒரு பேனை விட்டது. தண்டி யாத்திரையின் 241 மைலுக்காக 241 பேனைகள். உடம்பைச் சுற்றித் தங்க நூல், நிப்பில் தடியூன்றி நடக்கும் காந்தி. விலை 11 இலட்சம் இந்திய ரூபாவுக்கு மேல். கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், 2010இல் இந்தியாவில் அந்த விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. இதே காந்தி 1935இல் ராஜமுந்திரி ரத்னம் என்ற கைவினைஞர் செய்து அனுப்பிய உள்ளூர்ப் பேனையால் எழுதிப் பார்த்து, வெளிநாட்டுப் பேனைக்கு இது நல்ல மாற்று என்று அவருக்குக் கடிதம் எழுதியவர். ஒரு வேட்டியோடு நடந்த மனிதரைத் தங்க நிப்பில் நடக்கவிட்டவர்கள் அந்தக் கடிதத்தை வாசித்திருக்கமாட்டார்கள்.

எங்களுக்கு நிப் தெரியாதா? தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் படித்தவர்களைக் கேளுங்கள். பொருளாதாரத் தடை. பேப்பர்கூடக் கோடுபோட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்த காலம். பேனை என்றால் சீனத்து ஹீரோ, நிப்பின் நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். பாக்கர் 51இன் சாயல் அது என்று பின்னாளில்தான் எனக்குத் தெரியும். நிப் கரகரத்தால் கண்ணாடித் துண்டில் எட்டு எட்டாக வரைந்து தேய்ப்போம். மை இறங்காவிட்டால் சவரப் பிளேட்டைப் பிளவுக்குள் விட்டு மெல்ல இழுப்போம். இன்று ஐரோப்பாவில் நிப் வைத்தியர்கள் இதே எட்டை மெல்லிய அரத்தாளில் வரைந்து நல்ல காசு வாங்குகிறார்கள். மை முடிந்தவனுக்கு மேசையில் இரண்டு சொட்டுத் தட்டிவிட்டால் அவன் நிப்பால் அதை உறிஞ்சிக்கொண்டு சோதனை எழுதுவான். மை தரலாம், பேனை தரக்கூடாது, இரவல் கொடுத்தால் நிப் கெட்டுவிடும் என்று ஒரு சட்டமும் இருந்தது. உள்ளே இருக்கும் கடினக் குமிழுக்கு இரவல்காரனைத் தெரியாது என்றாலும் பேனை திரும்பி வரவேண்டுமே, அதற்காக அந்தச் சட்டம் நல்லதுதான்.

மைப்பேனையை நான் விடாமல் இருப்பதற்குக் காரணம் பழைய நினைவு இல்லை. என் மணிக்கட்டு. பதினைந்து வருடத்துக்கு மேலாகச் சட்டி தூக்கி, வெங்காயம் வெட்டிய கை. குமிழ்முனைப் பேனையின் மை எண்ணெய்த் தன்மையானது, குமிழை அழுத்தி உருட்டினால்தான் எழுதும். மைப்பேனையில் மை தானாகக் கடதாசிக்கு இழுபட்டு வரும். கையின் பாரமே போதும். அரைப் பக்கத்தில் நோகிற கை, மைப்பேனையில் மூன்று பக்கம் எழுதும்.

சின்னக் கைகளுக்கும் இது பொருந்தும். எங்கள் பிள்ளைகள் பகலில் நோர்வேப் பள்ளியில் ஐபாட்டில் தட்டுகிறார்கள். கையால் எழுதும்போது மூளையின் பகுதிகள் தமக்குள் கூடுதலாகத் தொடர்புகொள்கின்றன என்று திரொண்ட்ஹைம் பல்கலைக்கழகத்தின் ஓட்ரி வான் டெர் மேர் 36 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வந்தது. அந்த மாணவர்கள் எழுதியது தொடுதிரையில், இலக்கமுறைப் பேனையால். மூளைக்குத் தங்கம் கேட்கவில்லை. சனிக்கிழமை எங்களிடம் வந்தால், யாரோ வங்கியில் இலவசமாகக் கொடுத்த குமிழ்முனையால் கொப்பி கிழிய அழுத்தி ணகரம் பழகுகிறார்கள்.

அதனால் நான் அன்று சொன்னேன்: அந்தக் காசுக்கு மெல்லிய உருக்கு நிப் பேனை முப்பது நாற்பது வாங்கி, ரீச்சரின் பெயரில் அவரின் வகுப்புக்குக் கொடுப்போம். அவருக்கும் அதே பேனையில் ஒன்று, ஒரு போத்தல் மை, நல்ல கடதாசியில் கட்டிய கொப்பி.

"பிள்ளையள் மையை ஊத்திப்போடுவினம் அண்ணை."

ஜேர்மனியில் இருக்கும் உங்கள் மச்சாள்மாரைக் கேளுங்கள். அங்கே பெலிக்கானோ என்ற பள்ளிப்பேனை 1960இலிருந்து இருக்கிறது. ஆரம்பப் பள்ளியிலேயே பிள்ளைகள் மைப்பேனையால் எழுதப் பழகுகிறார்கள். எங்கள் பிள்ளைகளும் ஊற்றட்டும். நாங்களும் வெள்ளைச் சேட்டில் ஊற்றி அடி வாங்கித்தானே எழுதப் பழகினோம்.

"சபையில குடுக்கேக்க முப்பது சின்னப் பேனை வடிவா இராது" என்றார் இன்னொருவர். இதுதான் உண்மையான காரணம். மூடியில் இருக்கும் வெள்ளை நட்சத்திரம் படத்தில் விழவேண்டும். எழுதுவது யார் பிரச்சினை? அந்த ரீச்சர் கொப்பிகளைச் சிவப்பு மையால் திருத்தும்போது ஒவ்வொரு அடைபட்ட சுழிக்கும் பக்கத்தில் ஒரு ணகரம் எழுதிக் காட்டுபவர். 149ஐ வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். வேறென்ன செய்வார்? சிவப்பு மை விட்டால் நீங்கள்தான் "ஐயோ" என்று கத்துவீர்கள்.

முடிவு இன்னும் எடுக்கவில்லை. அடுத்த கூட்டம் வருகிறது. வெண்ணெய்க் கட்சிக்காரர்கள் எவரும் அதற்கு முன் என்னைச் சந்திக்க விரும்பினால் திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள். ரொம்மன் ரி-பானா நிலையத்தில் இருந்து ஐந்து நிமிட நடை. உங்கள் தங்க நிப்பைக் கொண்டுவாருங்கள், கோடுபோட்ட கொப்பியும் பிளேன்ரீயும் என்னிடம் இருக்கிறது. எழுதவேண்டிய வசனம் உங்களுக்கே தெரியும்.