அம்மாவின் 42 பக்கங்களை நான் அழித்த நாள்!

எங்கள் வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்தது 2006-ல். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் அப்பா மதுரைக்குப் போய் அசெம்பிள் செய்து, மானிட்டர் பெட்டியை மடியில் வைத்தபடி ராஜபாளையம் பஸ்ஸில் கொண்டுவந்தார். ‘பிள்ளைங்க படிப்புக்கு’ என்று தெரு முழுக்கச் சொன்னார். சந்தனம், குங்குமம், பழைய சேலையில் தைத்த உறை... உங்கள் வீட்டிலும் இதெல்லாம் நடந்திருக்கும். ஸ்கிரீனில் தெரிந்த பச்சை மலை ஊட்டிதான் என்று சத்தியமே செய்தார், சிஸ்டம் மாட்ட வந்த அண்ணன். அது கலிஃபோர்னியாவில் சார்லஸ் ஓ’ரியர் எடுத்த படம் என்பது எனக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

முதல் நாள் அப்பா ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தார். ‘எஸ்’ எங்கே என்று தேடவே ஒரு நிமிடம். அடுப்படியிலிருந்து வந்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கீபோர்டைப் பார்க்கவே இல்லை. மழை மாதிரி சத்தம். வரி முடியும்போதெல்லாம் இடது கை தானாக மேலே போய், இல்லாத ஒரு லீவரைத் தள்ளப் பார்த்தது!

கல்யாணத்துக்கு முன் அம்மா இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவர். எனக்கு அன்றுதான் தெரியும். அப்பாவுக்கும் மறந்துபோயிருந்தது என்று நினைக்கிறேன்.

பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் மூலம் பி.எட் மாணவிகளின் புராஜெக்ட்டுகள் வர ஆரம்பித்தன. பக்கத்துக்கு 8 ரூபாய். நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகும், நாங்கள் கேம் ஆடித் தூங்கிய பிறகும் அம்மா அடிப்பார். ஆனாலும் அது ‘பிள்ளைங்க கம்ப்யூட்டர்’தான்.

2012. எனக்கு 13 வயது. கேம் சிக்கிச் சிக்கி ஓடியது. சிஸ்டம் அண்ணன் ஃபார்மட் செய்வதை நாலைந்து முறை பார்த்திருந்ததால், எக்ஸ்பி சி.டி-யைப் போட்டு நானே செய்துவிட்டேன். ‘முக்கியமானதெல்லாம் டி டிரைவ்ல போடுங்க சார், சி-ல வெச்சா ஃபார்மட்ல போயிரும்’ என்று அந்த அண்ணன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் எல்லாவற்றையும் ‘மை டாக்குமென்ட்ஸ்’ஸில்தான் வைத்திருந்தார். அது சி-யில் இருந்தது.

42 பக்கங்கள். மூன்றாம் நாள் காலை கொடுக்க வேண்டிய புராஜெக்ட்.

அம்மா திட்டவில்லை. மானிட்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையெழுத்துப் பிரதியை என்னிடம் நீட்டி, “வாசி” என்றார்.

அது மணிக்கணக்கில் கரன்ட் போய் வந்த காலம். எங்கள் யு.பி.எஸ், சேவ் பண்ணி அணைக்கிற வரைதான் தாங்கும். கரன்ட் வந்தால் நான் வாசிப்பேன், அம்மா அடிப்பார். போனால் இரண்டு பேரும் திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருப்போம். இரண்டு ராத்திரி இப்படியே போனது. ‘சைக்காலஜி’க்கு நான் தப்பாக ஸ்பெல்லிங் சொன்னபோது மட்டும், இருட்டிலும் சிரித்தார்.

இரண்டாவது ராத்திரி எழுந்துவந்த அப்பா, “என்னாச்சு?” என்றார்.

“வைரஸ் வந்திருச்சு” என்றார் அம்மா. நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எக்ஸ்பி-க்கான சப்போர்ட்டை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. எங்கள் மானிட்டர் அதற்கு முன்பே கண்ணை மூடி, பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. ஜெராக்ஸ் கடையிலேயே டைப் அடிக்க ஆள் போட்டுவிட்டார்கள்.

போன மாதம் ஊரிலிருந்தபடி ஒரு செய்தியை அவசரமாக அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டே விரல்தான், இன்றைக்கும். பக்கத்தில் வந்து நின்ற அம்மா கேட்டார்.

“சேவ் பண்ணிட்டியா?”

“இப்பல்லாம் தானா சேவ் ஆகிடும்மா.”

“வைரஸ் வந்தா?”

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா முகத்தில் துளி சிரிப்பு இல்லை.