ஆலயத்துக்கு மருந்து அடிக்கிறதை விட்டுட்டு ஜன்னலைத் திறங்க

த்ரெட். கொஞ்சம் நீளம்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள படிச்சுடுங்க.

2021 ஏப்ரல் 26-ல் மூடிய வழிபாட்டுத் தலங்களை ஜூலை 5 முதல் திறக்கலாம்னு அரசு சொல்லிவிட்டது. நடுவில் பத்து ஞாயிறு போய்விட்டது. ஜூலை 11-ஆம் தேதிதான் மக்கள் வந்து உட்காரும் முதல் ஞாயிறு. பிளவக்கல் அணைக்குக் கீழே கிழவன்கோவிலில் ஆரம்பித்து வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரைக்கும் இருக்கிற சபைக்காரங்க எனக்குப் போன் போட்டுக் கேட்கிறது ஒரே கேள்விதான்: "டாக்டர், என்ன மருந்து அடிக்கணும்?"

ஒண்ணும் அடிக்க வேண்டாம்.

பத்து வாரமா ஆள் நுழையாத கட்டடத்துல கொரோனா எங்கே இருக்கும்? உடம்புக்கு வெளியே இந்த வைரஸ் சில மணி நேரம், மிஞ்சிப்போனா சில நாள் தாங்கும். பூட்டிக் கிடந்த உங்க பெஞ்சைவிடச் சுத்தமான பெஞ்சு இன்னிக்கு ஊர்லயே கிடையாது. வைரஸ் உள்ளே வரப்போறது ஞாயிறு காலையில, நம்ம நெஞ்சுக்குள்ள ஏறி. அப்படி வந்த பிறகும் பெஞ்சைத் தொட்டு ஒட்டிக்கொள்வது அபூர்வம். வைரஸ் இருக்கிற ஒரு பொருளை ஒருமுறை தொட்டால் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் சிடிசி 2021 ஏப்ரலில் எழுதியது. சோப்புத் தண்ணியில துடைச்சா போதும்.

ஆனா கமிட்டிகள் என்ன செய்கின்றன? மெஷின் வாடகைக்கு எடுத்துப் புகை அடிக்கிறார்கள். அதை வீடியோ எடுத்து, பின்னால பாட்டு போட்டு, வாட்ஸ்அப்பில் விடுகிறார்கள். வாசலில் மருந்து தெளிக்கும் சுரங்கம் வைக்கலாமான்னு இப்பவும் ஒருத்தர் கேட்கிறார்! 2020 ஏப்ரலில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் அதை வைத்து ஊரே வேடிக்கை பார்த்தது. அதே மாசம் நம்ம பொது சுகாதாரத் துறை வேண்டாம் என்றது. ஏப்ரல் 18-ல் மத்திய சுகாதார அமைச்சகமும் மனுஷங்க மேல மருந்து தெளிக்கக் கூடாதுன்னு சொன்னது. கண்ணும் தோலும் எரியும், நுரையீரலுக்குள்ள இருக்கிற வைரஸ் சௌக்கியமா இருக்கும்.

இந்த மருந்தையெல்லாம் அடிக்கப்போறது யாரு? கோயில்பிள்ளை. பெரும்பாலும் அறுபது தாண்டினவர், சம்பளம்னு சொல்லவே கூச்சப்படுகிற ஒரு தொகை வாங்குறவர். கையில கிளவுஸ் கிடையாது. "நல்லா மணமா இருக்கட்டும்"னு பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவுற ஆசிடையும் ஒரே வாளியில கலக்கச் சொல்றீங்க. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். பூட்டின அறைக்குள்ள அது மூச்சைப் புடிச்சுக்கும். கொரோனா வராமலே அவரை எங்க வார்டுக்கு அனுப்பி வைக்காதீங்க.

கவனிக்க வேண்டியது காற்றை. கத்தோலிக்க ஆலயத்துக்குப் போறவங்களுக்கு இதைப் புரியவைக்கிறது சுலபம். தூபம் காட்டும்போது சாம்பிராணிப் புகை பீடத்தில் கிளம்பிக் கடைசி ஆள் மூக்கு வரைக்கும் வருதில்ல? ஆறடி தாண்டியதும் நின்னுடுதா? பேசும்போதும் பாடும்போதும் நாம விடுகிற நுண்துளியும் அப்படித்தான் மிதக்கும். உலக சுகாதார நிறுவனம் இதைத் தெளிவா எழுதவே 2021 ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. எங்க துறையும் சேர்த்துத்தான் சொல்றேன், ஒரு வருஷத்துக்கும் மேல ஜனங்களை "கையைக் கழுவு, கையைக் கழுவு"ன்னே ஓட்டிட்டோம்.

சனிக்கிழமை ஒரு வேலை செய்யுங்க. ஞாயிறு எப்படி வைக்கப்போறீங்களோ அப்படியே கதவு ஜன்னலை வைச்சு, உள்ளே சாம்பிராணி போடுங்க. எந்தச் சபையா இருந்தாலும் சரி, சோதனைக்குத்தானே. புகை மளமளன்னு வெளியேறினா நல்ல கட்டடம். அரை மணி நேரம் மேலேயே சுத்திக்கிட்டு நின்னா, அங்கே ஒருத்தர் விட்ட மூச்சைத்தான் மத்தவங்க இழுக்கப் போறீங்க. ஃபேன் போட்டா சரியாகிடும்னு நினைக்க வேண்டாம். ஜன்னலைச் சாத்திட்டு ஃபேன் போடுறது, இருக்கிற காத்தைக் கலக்கி எல்லாருக்கும் பரிமாறுகிற வேலை.

கரண்ட் வராத காலத்துல கட்டின பழைய ஆலயங்கள் இதுல தப்பிச்சுக்கும். உசரமான கூரை, மூணு பக்கமும் கதவு, ஆள் உயர ஜன்னல். எனக்குப் பயம் எல்லாம் புதுசா ஏசி போட்டு, சத்தம் வெளியே போகாம அடைச்சுக் கட்டின ஹால்களை நினைச்சுத்தான். அழகா இருக்கு. ஆனா இப்போதைக்கு அது வேண்டாம்.

நம்ம ஊர்ல இன்னொரு வம்பு. ஆனி ஆடியில மலையிலிருந்து இறங்குற காத்து தூசியை அள்ளிக்கிட்டு வரும். அதனால மேற்குப் பக்க ஜன்னலை ஆணி அடிக்காத குறையா சாத்தி வைப்போம். காசு கொடுத்தாலும் கிடைக்காத மெஷினை மலை சும்மா அனுப்புது, நாம அதுக்குக் கொக்கி போட்டு வைக்கிறோம். திறங்க. தூசியைத் துடைச்சுக்கலாம்.

அடுத்தது பாட்டு. இதைச் சொன்னா சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும். 2020 மார்ச் 10, அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கு பாடகர் குழு ஒரு சர்ச்சில் இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். வாசலில் சானிடைசர் வைத்திருந்தார்கள், கை குலுக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. அறிகுறியோடு வந்தவர் ஒரே ஒருவர். சந்தேகக் கேஸும் சேர்த்து 53 பேருக்கு நோய், இரண்டு பேர் இறந்தார்கள். மத்திய அரசு 2020 ஜூன் 4-ல் கொடுத்த வழிகாட்டுதலிலேயே பாடகர் குழு வேண்டாம், ஒலிப்பதிவுப் பாட்டு போடலாம் என்று இருந்தது. எத்தனை கமிட்டி படிச்சது?

கீர்த்தனை பாடாம ஆராதனையான்னு கேட்பீங்க. பாடுங்க, வெளியே பாடுங்க. நம்ம ஆலயங்களில் முக்கால்வாசிக்குக் காம்பவுண்டும் ஒரு வேப்பமரமும் இருக்கும். முழு ஆராதனையையே அங்கே வைக்கலாம். உள்ளேதான் வைக்கணும்னா ஒருத்தர் மட்டும் பாடட்டும், மத்தவங்க மாஸ்க்கோட கேளுங்க. முப்பது நாப்பது நிமிஷத்துல முடிங்க. பிரசங்கம் பண்றவங்களும் மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம். மைக் இருக்கே, எதுக்குக் கத்தணும்? ஒரே கிண்ணத்துல எல்லாரும் நற்கருணை ரசம் குடிக்கிறதும் அசனமும் இப்ப வேண்டாம். 2021 ஏப்ரலில் மூணாறில் ஒரு கூடுகைக்குப் போய்வந்த போதகர்கள் பலருக்குத் தொற்று வந்து, சிலர் இறந்ததைப் பேப்பரில் படிச்சிருப்பீங்க.

வாசலில் நெற்றிக்கு நேரா நீட்டுற தெர்மாமீட்டரை நம்பி உள்ளே விடாதீங்க. அறிகுறி தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஒருத்தர் பரப்ப ஆரம்பிச்சுடுவார். காய்ச்சல் இருக்கிறவரும் வீட்டிலேயே ஒரு பாராசிட்டமால் போட்டுட்டு வந்தா மெஷின் பச்சைதான் காட்டும்.

"டாஸ்மாக்கைத் திறந்தீங்க, கர்த்தர் வீட்டைத் திறக்கலையே"ன்னு ஜூன் முழுக்க எழுதினீங்க. நியாயமான கோபம், நானும் உங்க பக்கம். ஆனா டாஸ்மாக்கில் கூட்டம் நிக்குதுங்கிறது உங்க ஜன்னலைச் சாத்தி வைக்க உரிமை தராது.

2021 மே 21-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 கேஸ். 2021 ஜூலை முதல் வாரத்துல நாலாயிரத்தை ஒட்டி இருந்தது, எல்லாருக்கும் நிம்மதி. 2020 ஜூலை முதல் வாரமும் ஏறக்குறைய இதே நாலாயிரம்தான். அன்னிக்கு ஆண்டு வருமானம் பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்த கிராமத்துக் கோயில், சர்ச், மசூதியை மட்டும்தான் திறக்க விட்டாங்க. எண்ணிக்கை அதேதான், நம்ம பயம்தான் குறைஞ்சிருந்தது. தடுப்பூசி ஸ்டாக் இல்லைன்னு திரும்பிப் போனவங்க அப்பவும் நிறையப் பேர் இருந்தாங்க.

கட்டடத்துக்கு ஏதாவது செஞ்சே ஆகணும்னு துடிக்கிறவங்களுக்கு உண்மையான வேலை ஒண்ணு இருக்கு. டெங்கு. பத்து வாரமா அசையாத தண்ணீர்த் தொட்டி, ஞானஸ்நானத் தொட்டி, கக்கூஸ் சிஸ்டர்ன், கல்லறைப் பூச்சாடி. தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது. ஏடிஸ் கொசு முட்டை சுவரில் ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கில் காய்ஞ்சு கிடக்கும், மறுபடி தண்ணி பட்டா பத்து நாளில் கொசு. பிரஷ் போட்டுத் தேயுங்க. அப்படியே எலி கடிச்ச வயர் இருக்கான்னு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வந்து பாருங்க, மெயின் சுவிட்சைப் போடுறதுக்கு முன்னாடி.

65 வயசு தாண்டினவங்க வீட்டிலேயே இருக்கணும்னு வழிகாட்டுதல் சொன்னது. சரிதான். ஆனா ஆலயத்துக்குத் தவறாம வர்றது யாரு? அந்தப் பாட்டிகள்தானே. அவங்க கையில இருக்கிறது பட்டன் போன், யூடியூப் ஆராதனை அவங்களுக்கு இல்லை. மே மாசம் புருஷனைப் பறிகொடுத்து, அடக்கத்துக்குப் பத்துப் பேர்கூட வராம அழுதவங்க அதுல இருக்காங்க. அவங்களை வராதேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அவங்களுக்குன்னு வார நாளில், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, மரத்தடியில தனியா அரை மணி நேரம் ஜெபம் வைங்க. தள்ளித் தள்ளி நாற்காலி போடுங்க.

சனிக்கிழமை இதைப் பேசக் கமிட்டி கூடுவீங்க. அந்தக் கூட்டத்தையும் ஏசி ரூம்ல போடாதீங்க, அதே மரத்தடியில போடுங்க.