வானரங்களை யாசகராக்குவது தர்மமா?

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும் சாத்தூர், சிவகாசி, விருதுநகர் முதலிய ஊர்களிலிருந்து குடும்பங்கள் பஸ்ஸிலும் காரிலும் ஏறித் தேக்கடிக்குப் புறப்படுவது வழக்கமாகிவிட்டது. கரிசல் பூமியின் வெயிலில் ஆண்டு முழுவதும் உழைப்பவர்கள், கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து குமுளி மலையேறி, குளிர்ந்த காற்றையும் நீர் நிறைந்த ஏரியையும் கண்டு களிப்பதில் எவருக்கும் ஆக்ஷேபம் இருக்க முடியாது. படகில் அமர்ந்து, கரையோரத்தில் யானையும் காட்டெருமையும் மானும் மேய்வதைப் பார்ப்பது குழந்தைகளுக்குப் புஸ்தகப் படிப்பிலும் மேலான கல்வியாகும்.

ஆனால், அந்தப் படகுத்துறையில் அன்றாடம் நடைபெறும் ஒரு காரியத்தைக் குறித்து நாம் மௌனமாயிருப்பதற்கில்லை. படகுக்காகக் காத்திருக்கும் பிரயாணிகளைச் சுற்றிக் குரங்குகள் கூடுகின்றன. ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சேவுப் பொட்டலமும், பிஸ்கோத்தும், வாழைப்பழமும் அவிழ்கின்றன. பெரியவர்கள் எறிகிறார்கள், குழந்தைகள் கை கொட்டுகிறார்கள், ஒருவர் படம் பிடிக்கிறார். புண்ணியம் செய்துவிட்ட திருப்தியோடு எல்லோரும் படகேறுகிறார்கள். இதைப் புண்ணியமென்று நாம் ஒப்பமாட்டோம். அந்தப் பிராணிகளுக்கும், அவை வாழும் காட்டுக்கும், முடிவில் நமக்கும் தீங்கு தேடிக்கொள்ளும் செயல் இது என்பதே நமது திடமான அபிப்பிராயம்.

தேக்கடி ஏரி இயற்கையாக உண்டானதன்று. பென்னிகுயிக் துரையின் விடாமுயற்சியால் எழுந்து 1895ல் திறக்கப்பட்ட பெரியாறு அணைக்குப் பின்னே தேங்கிய நீரே அது. பள்ளத்தாக்கு மூழ்கிற்று, அதிலிருந்த பெருமரங்களின் பட்ட கட்டைகள் நூறு வருஷங்களுக்கு மேலாகியும் இன்னும் நீரின்மேல் தலை நீட்டி நிற்கின்றன. மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பி மதுரைச் சீமையின் வயல்களை நனைக்கிறது. ஏரியைச் சூழ்ந்த காட்டை 1934ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் வேட்டைக்காரர்களிடமிருந்து மீட்டுக் காப்புக் காடாக்கியது. 1978ல் அது புலிகள் காப்பகமாயிற்று. அங்கே நாம் விருந்தாளிகள். காட்டுப் பிராணிகளே வீட்டுக்கு உடையவர்கள்.

அவ்வுடையவர்களில் குரங்கினங்களும் உண்டு. படகுத்துறையில் கை நீட்டுவது, தலையில் குல்லாய் வைத்தாற்போல் மயிர் வகிர்ந்த நாட்டுக்குரங்கு. படகு செல்லும் வழியில் உயர்ந்த மரங்களில் கரிய உடலும் மங்கிய பழுப்புத் தலையுமாகத் தோன்றுவது கருங்குரங்கு. பசுமை மாறாத ஆழ்ந்த சோலைகளை விட்டு எளிதில் வெளிவராதது சிங்கவால் குரங்கு. பின்னே சொன்ன இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் வாழ்வதில்லை. லேகியத்துக்காகவும் தோலுக்காகவும் ஒரு காலத்தில் கருங்குரங்கைச் சுட்டுக் குவித்தார்கள். 1972ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே அதற்கு உயிர்ப் பிச்சை கிடைத்தது. அன்று துப்பாக்கியால் செய்த கொடுமையை இன்று பொட்டலத்தால் செய்யலாமா?

கொடுமை என்ற சொல் மிகையென்று சிலர் நினைக்கலாம். குரங்கின் உடலமைப்பைச் சற்று யோசித்துப் பார்க்கட்டும். கருங்குரங்கு இலை தின்னும் ஜாதி. மாட்டைப் போலவே அதன் வயிற்றிலும் தனித்தனி அறைகள் உண்டு. அங்கே இலை புளித்துச் சிறுகச் சிறுக ஜீரணமாகிறது. மாவும் சர்க்கரையும் எண்ணெயும் அதன் வயிற்றுக்குப் பொருந்தாதவை. நாட்டுக்குரங்கு எதையும் தின்னும். ஆகையால் அதற்குக் கேடில்லை என்று வாதிப்பாருண்டு. மிளகாய்ப் பொடியும் உப்பும் பிசைந்து எண்ணெயில் பொரித்த சேவு நமது ஊருக்குப் பெருமை தேடித் தந்த பண்டந்தான்; மனிதர்களே அளவோடு தின்னவேண்டிய அதனைக் கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு காட்டுப் பிராணிக்கு எறிவது எந்தக் கருணையைச் சேர்ந்தது? பொட்டலத்தோடு சேர்த்து அதன் காகிதத்தையும் பையையும் குரங்குகள் கடித்து விழுங்குவதைக் கண்ணால் கண்டவர் பலர்.

வயிற்றுக்கு நேரும் கேட்டைக் காட்டிலும் பெரியது, தொழிலுக்கு நேரும் கேடு. காட்டுக் குரங்குக்குத் தொழில் உண்டா என்று கேட்கலாம். உண்டு, அது விதைப்புத் தொழில். நாட்டுக்குரங்கும் சிங்கவால் குரங்கும் பழத்தைக் கவுளில் அடக்கிக்கொண்டு தாய் மரத்தை விட்டுத் தூரம் போய்க் கொட்டையைத் துப்புகின்றன. விழுங்கிய விதைகள் எச்சத்தோடு வேறிடத்தில் விழுகின்றன. விழுந்தவற்றில் சில முளைத்து மரமாகின்றன. ஏரும் கூலியும் இல்லாமல் நாள்தோறும் காட்டை நட்டுக்கொண்டிருக்கும் இந்த உழவர்களைப் பாதையோரத்தில் உட்கார்த்தி வைத்துச் சோறு போட்டால், விதைப்பு நின்று போகாதா?

இதில் சாத்தூருக்கு என்ன என்று கேட்போருக்கும் ஒரு வார்த்தை. தேக்கடிக் காட்டின் எல்லையை ஒட்டியே நமது ஜில்லாவின் காடும் தொடங்குகிறது. 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக ஏற்படுத்தப்பட்ட அந்தச் சரிவுகளின் மழையை நம்பித்தான் வைப்பாறும் அருச்சுனா நதியும் இருக்கின்றன. இருக்கன்குடியில் அவ்விரண்டும் கூடுமிடத்தில் நின்று மாரியம்மனை மழை வேண்டித் தொழுகிறவர்கள் நாம். பெய்த மழையைப் பிடித்து வைத்துச் சொட்டுச் சொட்டாக ஆற்றுக்கு விடுவது மேலேயுள்ள மரங்கள். மரங்களை நடுபவற்றில் குரங்கும் ஒன்று. மணல் மேடாய்க் கிடக்கும் வைப்பாற்றைத் தினமும் பாலத்தின் மேலிருந்து பார்க்கும் சாத்தூர்வாசிக்கு, மலைமேலுள்ள குரங்கு அந்நியமான பிராணியல்ல.

இரந்துண்ணப் பழகிய குரங்கு முடிவில் என்னவாகிறது? முதலில் கை நீட்டுகிறது, பிறகு பிடுங்குகிறது, கொடாதவரைக் கடிக்கிறது. கடிபட்டவர் வெறிநோய்க்கு அஞ்சி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ள நேருகிறது. உடனே, குரங்குத் தொல்லை பொறுக்க முடியவில்லை என்று மனுக்கள் பறக்கின்றன. கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் கொண்டு விடுகிறார்கள். அந்நிய இடத்தில் அவை நிலைப்பதில்லை. அடுத்த கிராமத்துத் தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் இறங்குகின்றன. பிரயாணிகளின் ஒரு நிமிஷ வேடிக்கைக்கு மலையடிவாரத்து விவசாயி வரி கொடுக்கிறான். வால்பாறை புதுத்தோட்டத்தில் நேர்ந்ததைக் கவனியுங்கள். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த துண்டுக் காட்டில் அகப்பட்ட சிங்கவால் குரங்குகள் மரத்தை விட்டுத் தரையிறங்கின. வீடுகளில் புகுந்து தின்னக் கற்றன. சாலையில் வண்டிச் சக்கரங்களில் அரைபட்டன. இந்தச் சாவைத் தடுக்க மரத்துக்கு மரம் சாலையின் மேல் தொங்கு பாலங்கள் கட்டவேண்டி வந்தது. உலகத்திலேயே அரிய ஒரு குரங்கு சோலையை விட்டுத் தெருவுக்கு வந்தால் நேரும் கதி இதுவே.

“உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவது நமது முன்னோர் வழியல்லவா? ஆஞ்சநேயருடைய இனத்துக்கு உணவிடுவதும் பாபமா?” என்று பக்தர்கள் கேட்கலாம். அவர்களுடைய உள்ளத்தை நாம் இகழவில்லை. ஆனால், பாத்திரமறிந்து கொடுப்பதே தானமென்று சொன்னவர்களும் நமது முன்னோரே. பசித்தவனுக்கு இடுவது தர்மம். கைகால் வலிமையோடு தன் ஜீவனத்தைத் தானே தேடிக்கொள்பவனைச் சோம்பேறியாக்கி வாசலில் நிறுத்துவது தர்மத்தின் பெயரால் செய்யும் அதர்மம். இராமகாதையில் வரும் வானர சேனை எவரிடமும் யாசித்து நின்றதில்லை; கல் சுமந்து சேது கட்டியது. ஒரு ஜாதியின் சுயமரியாதையைப் பறிப்பதற்கு இலவசச் சோற்றைப்போன்ற ஆயுதம் வேறில்லை என்பதை அரசியல் அறிந்த நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மனிதனுக்குப் பொருந்தும் அந்த நீதி, குரங்குக்கு மட்டும் பொருந்தாமற் போகுமா?

பூமியின் மறுபக்கத்திலும் இதே காட்சி உண்டு. பனாமாக் கால்வாய்க்காக ஓர் ஆற்றை அணையிட்டு மறித்ததில் 1913ல் கட்டூன் என்னும் ஏரி நிரம்பியது. தேக்கடியைப் போலவே அங்கேயும் காடு மூழ்கிற்று. குன்றுகளின் உச்சிகள் தீவுகளாயின. அந்த ஏரியில் படகுக்காரர்கள் பழத்தைக் காட்டிக் குரங்குகளை அழைக்கிறார்கள், அவை கிளையிலிருந்து படகுக்குள் குதிக்கின்றன, பிரயாணிகள் மகிழ்கிறார்கள். ஆனால், அதே ஏரியின் பாரோ கொலராடோ என்னும் தீவுக்கு 1931ல் கார்ப்பென்டர் என்ற அமெரிக்க சாஸ்திரி சென்றார். அவர் குரங்குகளை அழைக்கவில்லை. மரத்தடியில் மாதக்கணக்காய்க் காத்திருந்து, ஊளைக் குரங்குகள் எப்படிக் குடும்பம் நடத்துகின்றன, எப்படி எல்லை காக்கின்றன என்று குறித்து வைத்தார். 1934ல் அவர் வெளியிட்ட நூல் குரங்கின ஆராய்ச்சிக்கே வழிகாட்டியாயிற்று. பழம் நீட்டியவர்கள் கண்டது தங்களுடைய கையை நாடி வந்த பிராணியை மட்டுமே. காத்திருந்தவர் கண்டது குரங்கின் வாழ்க்கையை.

அதே கார்ப்பென்டர் 1938ல் நமது நாட்டிலிருந்து குரங்குகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோய், 400க்கு மேற்பட்டவற்றைப் போர்ட்டோ ரீக்கோவை அடுத்த ஒரு சிறு தீவில் குடியேற்றினார் என்பதையும் சொல்லவேண்டும். அதற்குப் பின்னரும் பல வருஷங்கள் இந்தியக் குரங்குகள் அந்நிய நாட்டு ஆராய்ச்சிச் சாலைகளுக்கு ஏராளமாக ஏற்றுமதியாயின. மொரார்ஜி தேசாய் பிரதம மந்திரியாயிருந்தபோது, 1978ல், அந்த வியாபாரம் நிறுத்தப்பட்டது. கூண்டில் அடைத்து விற்பதற்கு நாணிய தேசம், பொட்டலத்தைக் காட்டி அடிமைப்படுத்துவதற்கும் நாணவேண்டாமா?

ஏரிப் பிரயாணத்தில் மனிதருக்குள்ள அபாயத்தையும் மறப்பதற்கில்லை. 2009ம் வருஷம் செப்டம்பர் 30ந் தேதி தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்னும் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். படகின் அமைப்பும், அதில் ஏறியிருந்த கூட்டமும் குறை கூறப்பட்டன. கரையில் தெரிந்த மிருகங்களைக் காணும் ஆவலில் பிரயாணிகள் ஒரே பக்கம் நெருங்கியதும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. இருந்த இடத்தில் இருந்துகொண்டே பார்க்கும் பொறுமை காட்டுப் பிராணிக்கு நாம் காட்டும் மரியாதை மட்டுமல்ல. நமது உயிருக்கும் அதுவே காவல்.

செய்யவேண்டியது என்ன? சரணாலயத்தில் மிருகங்களைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது. சட்டம் இருக்கிறது, அதை நடத்தும் மனந்தான் வேண்டும். படகுத்துறையில் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடாமல், தின்பண்டத்தை வாங்கி வைத்துத் திரும்பி வரும்போது கொடுப்பதற்கு அதிகாரிகள் ஏற்பாடு செய்யட்டும். குரங்கு திறக்க முடியாத குப்பைத் தொட்டிகளை வைக்கட்டும். பஸ் அமர்த்தி ஜனங்களை அழைத்துச் செல்பவர்கள், குமுளி வருமுன்பே பிரயாணிகளுக்கு இரண்டு வார்த்தை எடுத்துச் சொல்லட்டும்.

நமது ஜில்லாவின் ஊழியர்களுக்கு இன்னும் நெருங்கிய வேலை ஒன்று உண்டு. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலையேறும் ஆயிரக்கணக்கான பக்தர்கள் தாணிப்பாறையில் கூடுகிறார்கள். அங்கேயும் குரங்குகள் வழி நெடுக உட்கார்ந்திருக்கின்றன. அங்கேயும் பொட்டலங்கள் அவிழ்கின்றன. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வாலிபர் சங்கங்கள் அன்றைக்குத் தொண்டர்களை அனுப்பி, மலையடிவாரத்தில் நின்று, பக்தர்களிடம் பணிவோடு எடுத்துரைத்தால், நூறு தீர்மானங்கள் செய்ய முடியாததை ஒரே நாளில் செய்துவிடலாம். அதிகாரத்துக்கு அடங்காதவன் அயலூர்த் தம்பியின் கும்பிட்ட கைக்கு அடங்குவான். நமது ஜனங்களின் இயல்பு அது.

காட்டுக் குரங்கு நம்மிடம் கேட்பது ஒன்றுமில்லை. நாம் பிறக்குமுன்பே அதற்கு இலையும் கனியும் கிடைத்து வந்தன. நாம் கெடுக்காவிட்டால் இனியும் கிடைக்கும். ஆகையால், அடுத்த விடுமுறையில் தேக்கடிக்குப் போகும் வாசகர்கள் கண்ணை மட்டும் திறந்து, பொட்டலத்தைக் கட்டியபடியே வைத்திருக்குமாறு வேண்டிக்கொள்ளுகிறோம். சேவு வீட்டுக்குத் திரும்பி வந்தாலும் கெட்டுப் போகாது.