தலையெழுத்தா, தோலெழுத்தா?

காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில், கஞ்சிக்கில்லாதவனும் கடன் வாங்கி வந்து நளதீர்த்தத்தில் முழுகி, உடுத்த துணியைக் கழற்றி எறிந்துவிட்டுப் போகிறான். பிரமன் எழுதியது துணியோடு தொலையுமாம்! அழியாத விதியென்பவரும் புரோகிதரே. பரிகாரத்திற்குத் தட்சணை கேட்பவரும் அவரே.

எழுத்து உண்டு, தலையிலல்ல. தோலின் மூல உயிரணு மயிர்க்காலாவதா, மேல்தோலாவதா என்பதில், ஆர்.என்.ஏ.யின் மேல் ஒட்டும் மீதைல் என்ற சிறு ரசாயனக் குறிக்கும் பங்குண்டு. 2020-ல் நியூயார்க்கில் எலைன் ஃபுக்ஸ் அம்மையாரின் குழுவினர், அக்குறியிடும் மெட்டில்3 என்னும் நொதியைச் சுண்டெலியின் தோலில் நீக்கிப் பார்த்தார்கள். மயிர்க்கால்கள் சரிவர உருவாகவில்லை. குறியை அழிக்கும் நொதிகளும் உடம்பிலேயே உண்டு. அவை தட்சணை கேட்பதில்லை. அக்கிரகாரத்துத் தோலிலும் சேரித் தோலிலும் இதே குறி, இதே நொதி. சனீஸ்வரனுக்கு இதில் என்ன வேலையென்று அர்ச்சகரே சொல்லட்டும்.