செங்கல் இடுக்கில் சாந்து உதிர்கிறதா?

காலையில் கொல்லைப்புறம் பெருக்கும்போது சுவர் ஓரமாக மணல் மாதிரி ஏதோ தினமும் சேருகிறதா? "எறும்பு தள்ளின மண்ணு" என்று முறத்தில் அள்ளிக் கொட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். குனிந்து சுவரைப் பாருங்கள். செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே இருக்கிற சாந்து உதிர்ந்து, கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருக்கும். இதைப் பற்றி எழுதச் சொல்லி வாசகிகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் இந்த விஷயத்தில் நன்றாகச் சூடுபட்டவள். அதனால் என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில், என் மாமனாரின் அப்பா கட்டியது. ஓட்டு வீடு. சன்னமான செங்கல், சுண்ணாம்புச் சாந்து. முன்பக்கம் பூச்சு உண்டு. கொல்லைப்புறச் சுவரை மட்டும் செங்கல் தெரியும்படி விட்டிருந்தார்கள். 2008 மழைக்குப் பிறகு அந்தச் சுவரில் இடுப்பு உயரம்வரை சாந்து கொட்ட ஆரம்பித்தது. இடுக்கில் ஒரு தேள் குடியிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சுவருக்கு உட்பக்கம்தான் என் மாமியார் படுக்கிற அறை.

ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தேன். "சிமெண்ட் வச்சு அடைச்சுட்டா கல்லு மாதிரி நிக்கும்மா. அப்புறம் நீங்க திரும்பியே பார்க்க வேணாம்" என்றார். மாமியார் மட்டும், "ஏம்மா, சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதானே வைக்கணும்?" என்று கேட்டார். "இந்தக் காலத்துல யாரு அத்தை சுண்ணாம்பு அரைக்கிறாங்க?" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். இரண்டே நாளில் வேலை முடிந்தது. சுவர் கட்டம் போட்ட புடவை மாதிரி பளிச்சென்று இருந்தது. எனக்கு ஒரே பெருமை!

அந்தப் பெருமை நாலு மழைக்குத்தான் தாங்கியது. சிமெண்ட் கோடுகள் முறுக்காக அப்படியே நின்றன. நடுவில் இருந்த செங்கல்கள்தான் தோல் உரிந்து, சில்லு சில்லாகக் கொட்டின. கோடு வெளியே துருத்தி, கல் உள்ளே குழிந்து, சுவர் தேன்கூடு மாதிரி ஆயிற்று. அறைக்குள்ளே ஓதம் ஏறி உப்புப் பூத்தது. கறுப்பாகப் பூசணமும் படர்ந்தது. மாமியாருக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. மழை நாட்களில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார். டாக்டர் விசாரித்துவிட்டு, "முதல்ல அந்த ரூமிலேருந்து அவங்களை மாத்துங்க" என்றார். ஓதமும் பூசணமும் இருக்கிற வீடுகளில் ஆஸ்துமாத் தொல்லை கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் 2009-ல் வெளியிட்ட நூலில் சொல்லியிருக்கிறது.

கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்தினோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புழங்கிய அறையை விட்டு வந்தபோது அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

<b>ஏன் இப்படி ஆயிற்று?</b>

2014-ல், பக்கத்து ஊர்க் கோயில் மதில் வேலைக்கு வந்திருந்த ஒரு வயதான கொத்தனாரைக் கெஞ்சி அழைத்து வந்து காட்டினேன். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சாந்து தேயலாம்மா, கல்லு தேயக் கூடாது. சாந்து போனா வேற வைக்கலாம். கல்லு போனா சுவரே போச்சு."

விஷயம் இதுதான். செங்கல் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீர் வெளியே வந்து காய வழி வேண்டும். சுண்ணாம்புச் சாந்து மிருதுவானது. நுண்ணிய துளைகள் உள்ளது. அந்த இடுக்குகள் வழியாகத்தான் சுவர் மூச்சு விடுகிறது. அதைச் சிமெண்டால் அடைத்தால், உள்ளே சிக்கிய ஈரம் செங்கலின் முகம் வழியாகவே வெளியேறப் பார்க்கும். ஈரத்தோடு கரைந்து வரும் உப்பு, செங்கல் தோலுக்கு அடியில் படிகமாக உறைந்து, தோலைத் தள்ளி உரித்துவிடும். வெயிலுக்கும் குளிருக்கும் சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். மெதுவான சாந்து அதற்கு இணங்கும், முரட்டுச் சிமெண்ட் இணங்காது. ஆகவே இடுக்கில் வைக்கிற சாந்து எப்போதும் செங்கல்லை விட மெத்தென்றுதான் இருக்க வேண்டும்.

<b>உங்கள் சுவர் எந்த வகை?</b>

ஓர் ஆணியால் இடுக்கைச் சுரண்டுங்கள். வெள்ளையாகவோ மங்கலான பழுப்பாகவோ பொடி உதிர்ந்து, நடுவே சிறு சிறு வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கெட்டியாக, ஆணிக்கு மசியாமல் இருந்தால் சிமெண்ட். வீட்டின் வயதும் சொல்லும். இந்தியாவில் சிமெண்ட் செய்ய முதல் முயற்சி சென்னையில் 1904-ல் நடந்து, நிலைக்காமல் போயிற்று. 1914-ல் போர்பந்தரில்தான் தொழில் வேரூன்றியது. அதனால் தாத்தா காலத்து வீடு என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புதான்.

சிமெண்டில் கட்டிய புது வீட்டுச் சுவருக்குப் பயம் வேண்டாம். அதற்கும் வெறும் சிமெண்டை மொத்தையாக வைக்காமல், சிமெண்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு என்ற கணக்கில் கலக்கச் சொல்லுங்கள்.

<b>முதலில் தண்ணீரைப் பிடியுங்கள்</b>

சாந்து தானாக உதிராது. தண்ணீர்தான் உதிர்க்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் இடுக்கை அடைப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி. ஓட்டுச் சரிவிலிருந்து விழுகிற தண்ணீர் தரையில் பட்டுச் சுவரில் தெறிக்கிறதா? குளியலறைச் சாக்கடை கசிகிறதா? கைப்பிடிச்சுவரின் தலையில் வெடிப்பா? வெளியே மண்மட்டம் வீட்டுத் தரையை விட உயர்ந்துவிட்டதா?

எங்கள் வீட்டில் கொத்தனார் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். சுவரை ஒட்டி நான் ஆசையாக மேடு கட்டிக் கனகாம்பரம் வைத்திருந்தேன். தினமும் இரண்டு குடம் தண்ணீர். "செடிக்கு ஊத்தலேம்மா, சுவருக்கு ஊத்தியிருக்கீங்க" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாத்தியை அன்றே எடுத்துவிட்டு, சுவர் ஓரம் தண்ணீர் வெளிப்பக்கமாக ஓடும்படி சரிவு செய்தோம்.

<b>வேலை செய்யும் முறை</b>

தை, மாசி மாதங்கள் உத்தமம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கத்திரி வெயிலிலும் வேண்டாம். ஆள் வைத்துச் செய்தாலும், பக்கத்தில் நின்று இவற்றைக் கவனியுங்கள்.

1. உதிர்ந்த சாந்தை மெல்லிய உளியாலும் சுத்தியாலும் பதமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆழம், இடுக்கின் அகலத்தைப் போல் இரண்டு மடங்காவது. சாதாரணமாக முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம். மேலாக மெழுகிவிட்டால் அடுத்த மழையிலேயே வந்துவிடும். மின்சார அறுப்பு மெஷின் வேண்டாம். செங்கல் ஓரத்தையும் சேர்த்து அறுத்துவிடும். ஒரே நாளில் நீளமாகச் சுரண்டிப் போடாமல் சிறிது சிறிதாகச் செய்யுங்கள்.

2. பழைய சிமெண்டை எடுக்கும்போது கல் உடைகிற மாதிரி இருந்தால், கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தை அப்படியே விட்டுவிடுவதே மேல்.

3. இடுக்கிலுள்ள தூளைப் பழைய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். சுவர் ஈரமாக இருக்கலாம், தண்ணீர் வழியக் கூடாது. காய்ந்த செங்கல் புதுச் சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிட்டால் சாந்து பிடிக்காமல் பொடியாகும்.

4. தாளித்த சுண்ணாம்பைச் சலித்து, தண்ணீருக்கு அடியில் இரண்டு வாரமாவது ஊறவிட வேண்டும். வழக்கமான கணக்கு, சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று. ஓதம் காக்கும் இடத்துக்கு எங்கள் கொத்தனார் சுண்ணாம்பு ஒரு பங்கு, சுருக்கி ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு போட்டார். சுருக்கி என்பது நைசாக இடித்துச் சலித்த செங்கல் தூள். சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலும் இறுகும். கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பு. உப்புக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம்.

5. கலவை தளரக் கூடாது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். கால் அங்குலம் கால் அங்குலமாக அழுத்தித் திணித்து, ஒரு அடுக்கு கட்டைவிரலுக்கு லேசாக மட்டும் பதியும் பதத்துக்கு வந்த பிறகே அடுத்த அடுக்கு. கடைசியில் செங்கல் முகத்துக்குச் சற்று உள்ளடங்கியே நிறுத்தச் சொல்லுங்கள். கல்லின் மேல் வழித்துப் பூசினால் அந்த விளிம்பில்தான் தண்ணீர் தங்கும்.

6. ஒரு வாரமாவது நனைத்த கோணிச்சாக்கை வெயில் படாமல் தொங்கவிட்டு, காலை மாலை தண்ணீர் தெளியுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சித்தான் மெல்ல மெல்லக் கல்லாகிறது. அவசரப்படுத்த முடியாது.

உட்பக்கச் சுவருக்கு பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து மறுபடியும் மூச்சை அடைக்காதீர்கள். வெள்ளைச் சுண்ணாம்பே போதும்.

<b>கண் பத்திரம்!</b>

சுண்ணாம்பு தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கண்ணில் பட்டால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று கைவைத்தியம் செய்து நேரத்தை வீணாக்காமல், உடனே சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றி, குறைந்தது இருபது நிமிஷம் கழுவிவிட்டுக் கண் டாக்டரிடம் ஓடுங்கள். பார்வையே போய்விடும் ஆபத்து உண்டு. வேலை செய்பவருக்குக் கையுறையும் கண்ணாடியும் கொடுங்கள். சுரண்டும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். சுவரை லேசாக நனைத்துக்கொண்டு சுரண்ட வேண்டும், முகமூடியும் வேண்டும். இழுப்பு உள்ளவர்கள் அன்று அந்தப் பக்கமே வரக் கூடாது.

<b>இதற்கு மட்டும் இஞ்சினியர்</b>

படிக்கட்டு மாதிரி ஏறிப்போகும் வெடிப்பு, வெளிப்பக்கம் சாய்ந்த அல்லது வயிறு தள்ளிய சுவர், இடுக்கில் வேர் விட்ட அரசங்கன்று, இவையெல்லாம் சாந்து வைத்துத் தீர்கிற வியாதி அல்ல. வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் தாமதிக்காமல் இஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

எங்கள் சுவர் வேலை ஒன்பது நாள் பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட செங்கல்களைக் காப்பாற்ற முடியவில்லை. இடிந்த பழைய மாட்டுக் கொட்டகைச் சுவரிலிருந்து கல் எடுத்து மாற்றினார் கொத்தனார். இரண்டு கோடை கழிந்துதான் அறை முழுசாகக் காய்ந்தது. 2016 மாசியில் கட்டிலைப் பழைய இடத்தில் போட்டோம். இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன், மருந்து இருந்தது. ஆனால் அந்த வருஷ மழையில் அவர் ராத்திரி படுத்துத் தூங்கினார்.

படுக்கப் போகுமுன் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "காஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான். "நான் அப்பவே சொன்னேனே" என்று அன்றைக்கும் சொல்லவில்லை.

சகோதரிகளே, நாளைக் காலை பெருக்கும்போது சுவர் ஓரத்தைக் கொஞ்சம் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இந்தச் சுவர் எதில் கட்டியது என்று அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.