செம்பருத்திக்கு எதுக்குங்க விஷம்?

எங்க குடுமியான்மலைச் செம்மண்ணுக்குச் செம்பருத்தி நல்லாவே ஒத்துப்போகும். மழைக்காலத்துல பென்சில் கனத்துல ஒரு குச்சியை ஊன்றி, தண்ணி தேங்காமப் பார்த்துக்கிட்டா போதும். புதுத் துளிர்லதான் பூ வரும், அதனால வருசம் ஒருதரம் கவாத்து பண்ணணும்.

கொழுந்துல வெள்ளையா மாவுப்பூச்சி அப்பினதும் நம்ம ஆளுங்க மருந்துக்கடைக்கு ஓடுறாங்க. இல்லேன்னா செடியையே வெட்டி எறியுறாங்க. ரெண்டும் எனக்கு ஒப்பல. தலைக்கு எண்ணெய் காய்ச்சுறதும் சாமிக்கு வைக்கிறதும் இந்தப் பூவைத்தானே?

2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. உடம்பெல்லாம் மெழுகு. அடிச்ச விஷம் எங்கே ஒட்டும்? 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து பெருக்கிவிட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற பொடிக் குளவிதான் அதை அடக்கியது. மாவுப்பூச்சி கொஞ்சம் இருந்தால்தான் அந்தக் குளவிக்குப் பிழைப்பு. வேலியோரச் செம்பருத்தி அதுக்கு வீடு மாதிரி. அங்கே போய் விஷம் அடிச்சா குளவிதான் முதல்ல சாகும், அப்புறம் பக்கத்து மரவள்ளியை யார் காப்பாத்துவா?

நான் முதல்ல எறும்பைத்தான் பார்ப்பேன். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புக்காக எறும்பு காவல் நின்னு, குளவியையும் பொறிவண்டையும் அண்ட விடாது. வேலியையும் சுவரையும் தொடுற கிளையைக் கழிச்சுட்டா எறும்பு ஏறுற பாதி வழி அடைஞ்சுபோகும். ரொம்ப அப்பின நுனியை வெட்டி எரிச்சுடுங்க. மத்ததுக்குத் தண்ணியை வேகமாப் பீய்ச்சுங்க. அப்பவும் மிஞ்சினா லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு, சாயங்காலமா அந்தக் கொழுந்துல மட்டும் தெளிங்க.